அட்டை தொலைந்தால் பிள்ளையும் தொலைந்துவிடுமா?

ஒரு குழந்தையின் ஆதார் அட்டை தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும்? விதிப்படி இது ஐந்து நிமிட வேலை. எண் அரசிடம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் அரசின் கணினியில் இருக்கின்றன. தொலைந்தது அந்தப் பதிவின் அச்சுத்தாள் மட்டும்தான். இன்னொரு தாளை அச்சடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் குமரி மாவட்டத்தின் காலனிகளிலிருந்து ஒரு தாய், "பிள்ளைக்க ஆதார் தொலைஞ்சு போச்சு சார்" என்று அலுவலகப் படி ஏறினால் அங்கே நடப்பது நகல் எடுக்கும் வேலை இல்லை, விசாரணை. எந்தக் காலனி? அப்பன் எங்கே? பள்ளியில் இனிஷியல் வேறாக இருக்கிறதே? நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்களா? காணாமல் போனது ஒரு தாள். கேள்விக்கு உள்ளாவதோ ஒரு குடும்பத்தின் பிறப்பு.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுக்கு நகல் கேட்பவரை, தான் யார் என்பதை முதலிலிருந்து நிரூபிக்கச் சொல்ல எந்த மேசைக்கும் உரிமை கிடையாது. தலித் குழந்தைகளிடம் அப்படிக் கேட்கப்படுவதை நிர்வாகச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. அது சாதி செய்கிற வேலை.

ஒரு தாளுக்கு ஆறு நாள்

தோவாளைப் பக்கம் நாங்கள் உடன் சென்ற ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறோம். தாய் பூக்கட்டுகிறவர். தகப்பன் பெயின்ட் வேலைக்குக் கேரளம் போகிறவர். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரம். வாடகை வீடு மாறியபோது அட்டை தொலைந்திருந்தது. "ஒரிஜினல் இல்லாம பேரை ஏத்த முடியாது" என்றார்கள் பள்ளியில்.

முதல் நாள், நெட் சென்டர். ஆதாரை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கான ஓ.டி.பி. பதிவு செய்த கைபேசி எண்ணுக்குத்தான் போகும். பதிவு செய்திருந்தது தகப்பனின் பழைய எண். மூன்று மாதம் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம், பிறகு வேறொருவருக்கும் கொடுக்கலாம். அதுதான் நடந்திருந்தது. இந்தப் பிள்ளையின் அடையாளத்துக்கான சாவி இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பையில்.

இரண்டாம் நாள் ஆதார் மையம், டோக்கன் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் டோக்கன் கிடைத்தது, கைரேகை பொருந்தவில்லை. ஐந்து வயதுக்கு முன் பதிவு செய்த குழந்தைக்குக் கைரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அதை அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் காவல் நிலைய வாசலில் காலை முதல் மதியம் வரை. ஆதார் நகலுக்குக் காவல்துறை ரசீது தேவையே இல்லை. ஐந்தாம் நாள் வி.ஏ.ஓ. அலுவலகம். சாதிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். அதற்கு ஒரு விளக்கக் கடிதம். ஆறாம் நாள் மீண்டும் மையம், புதுப்பிப்பு, ஒப்புகைச் சீட்டு.

அட்டை வந்து சேர்ந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. ஆறு நாள் கூலி போனதோடு அந்த ஆண்டின் உதவித்தொகையும் போயிற்று.

இதில் எங்களுக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த மாணவியின் ஆதார் எண் பள்ளியின் எமிஸ் பதிவில் முன்பே இருந்தது. எண்ணை வைத்துக்கொண்டிருந்த பள்ளிதான் அட்டையைக் கொண்டுவா என்று சொல்லி அவளை வெளியே அனுப்பியது.

இன்னொன்றையும் கவனித்தோம். அதே வரிசையில் முன்னால் நின்ற வேட்டிக்காரருக்கு "நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்று பதில். பூக்கட்டும் தாய்க்கு "நீ போயிட்டு நாளைக்கு வா." அந்த ஊழியருக்கு வயது முப்பது இருக்காது, தாய்க்கு நாற்பதுக்கு மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவத் தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. 6 முதல் 14 வயது வரையிலான கல்வி அரசியல் சாசனத்தின் 21-ஏ பிரிவு தரும் உரிமை, அரசு இரங்கிக் கொடுக்கும் சலுகை கிடையாது என்பது அதன் அடிப்படை. ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் எந்தத் திட்டத்தின் பலனையும் மறுக்கக்கூடாது, வேறு ஆவணங்களைக் கொண்டு அடையாளத்தைச் சரிபார்க்கலாம் என்றும் கூறியது.

தீர்ப்புக்குப் பிறகு 2019-ல் ஆதார் சட்டம் திருத்தப்பட்டு 3-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கைரேகை பொருந்தாவிட்டாலும், ஆதார் எண் இருப்பதற்கான சான்றைக் காட்ட முடியாவிட்டாலும், எண்ணே வழங்கப்படாமல் இருந்தாலும் ஒரு குழந்தைக்கு மானியமோ பலனோ சேவையோ மறுக்கப்படக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. சான்றைக் காட்ட முடியாத குழந்தை என்றால் யார்? அட்டையைத் தொலைத்த குழந்தையும்தான். நாடாளுமன்றம் இந்தக் குழந்தையையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறது. படிக்க வேண்டியவர்கள்தான் படிக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009 இன்னும் பழையது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்காதே என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதே என்கிறது 5-ஆம் பிரிவு. மூன்று இடங்களிலும் ஒரே கொள்கைதான்: பிள்ளை முதலில், தாள் பிறகு.

அப்படியானால் தாள் ஏன் முன்னால் வந்து நிற்கிறது? நம் நாட்டில் சட்டம் டெல்லியிலும் சென்னையிலும் இயற்றப்படுகிறது, மேசையில்தான் அமலாகிறது. மேசைக்கு இந்தப்புறம் யார் நிற்கிறார் என்பதைப் பார்த்து அது நீளும் அல்லது சுருங்கும்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1907-லேயே, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள அரசு உத்தரவு வந்தது. அதிகாரிகள் அதை வெளியே விடாமல் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பின்னர் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு, இன்றைய களியக்காவிளை எல்லைக்கு அப்பாலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனபோது ஆதிக்க சாதியினர் பள்ளியையே கொளுத்தினார்கள். இன்று யாரும் பள்ளியைக் கொளுத்துவதில்லை. "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டாலே போதுமானதாக இருக்கிறது.

ஆதாரில் சாதி இல்லையா?

ஆதாரில் சாதிக்கு இடமே கிடையாதே, இதில் ஏன் சாதியைக் கொண்டுவருகிறீர்கள் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சாதி என்ற கட்டம் இல்லைதான். முகவரி என்ற கட்டம் இருக்கிறது. அதில் "காலனி" என்று அச்சாகியிருக்கிறது. பல அட்டைகளில் "அரிஜன் காலனி" என்றே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை போகும் இடமெல்லாம் தன் சாதியை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின் அடையாளமாகிவிட்ட "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஊர்ப்பெயர் மாறினால் அட்டையில் முகவரியை மாற்றுவது யார் பொறுப்பு? முகவரித் திருத்தத்துக்கு மையத்தில் கட்டணம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை அட்டைகள் என்று எண்ணிப் பாருங்கள். நம்மேல் ஒட்டப்பட்ட இழிவைக் கிழித்தெடுக்கும் செலவும் கூலி இழப்பும் நம் தலையிலேயே விழக்கூடாது. ஒட்டியவர்கள் செலவு செய்யட்டும்.

இரண்டாவது, பெயர். குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறித்தவர்கள். இங்குள்ள தலித் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஆலயத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று. ஏன்? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்று கோடு கிழித்தது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கோடு அழிக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்னும் அழிக்கப்படவில்லை. ஆலயத்துக்குள்ளும் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று சாதியைச் சுமந்தவர்களிடம், "ஞானஸ்நானம் பெற்றதும் உன் சாதி கழிந்துவிட்டது" என்று அரசு சொல்கிறது. 2024 நவம்பரில், திருமுழுக்குப் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை ஆராய 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் அமைக்கப்பட்டது.

அந்தப் பெரிய வழக்கு தனி. ஆனால் அதன் நிழல் இந்தச் சின்ன மேசை வரை விழுகிறது. அட்டை தொலையாதவரை பெயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொலைந்ததும், ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து கூடுதல் என்று எல்லாவற்றையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொல்கிறார்கள். நகல் கேட்டு வந்தவள் சாதிச் சான்றிதழையே இழந்துவிடுவோமோ என்று பயந்து திரும்பிப் போகிறாள். "வேண்டாம் மக்ளே, உதவித்தொகை போனா போட்டு, இருக்கத விட்டிரக் கூடாது" என்று ஒரு பாட்டி எங்களிடமே சொன்னார். அரசு ஒரு ரூபாய் செலவில்லாமல் உதவித்தொகையை மிச்சப்படுத்தும் வழி இதுதான்: கேட்பவரைப் பயமுறுத்து, அவரே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல். வண்ணார் உள்ளிட்ட சில சமூகங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் மட்டும் பட்டியல் சாதி. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அதே வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். திருவிதாங்கூர் பட்டியல் 1956 நவம்பர் 1-ல் இணைந்த பகுதிக்கு அப்படியே தொடர்ந்ததால் வந்த நிலை இது. வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த ஊழியருக்கு இது தெரிவதில்லை. தனக்குத் தெரியாததை அவர் எதிரில் நிற்பவரின் பொய்யாகப் பார்க்கிறார்.

நாம் இங்கே எண்ணிக்கையிலும் சிறியவர்கள். மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம் என்றால் குமரியில் ஏறத்தாழ 4 சதவீதம்தான். எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம், 91 சதவீதத்துக்கு மேல், என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். அந்தப் பெருமையின் நடுவில் இந்த 4 சதவீதம் கண்ணில் படாமல் போவது மிக எளிது. "இந்த மாவட்டத்தில் படிக்காத பிள்ளையே இல்லையே" என்று சொல்பவருக்கு, ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகை போன பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் என்ன ஆனாள் என்று தெரியாது.

"தொலைத்தது உங்கள் தவறுதானே?"

இப்படிக் கேட்பவர்கள் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி உள்ள வீட்டில் இருப்பவர்கள். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர், ஓட்டுக்கூரை, ஆண்டில் இரண்டு பருவமழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் ஓட்டைப் பெயர்த்தபோது ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றும் சேர்ந்தே நனைந்தன. செங்கல் சூளைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வேலை தேடிக் குடும்பத்தோடு போகிறவர்களிடம் கோப்புறை இருக்காது, ஒரு பிளாஸ்டிக் பைதான் இருக்கும். பையும் தொலையும்.

போலிகள் புகுந்துவிடுவார்களே என்பது அடுத்த கேள்வி. நகல் தருவதில் போலி எப்படி வரும்? பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதிலுள்ள புகைப்படம் இருக்கிறது. எதிரில் பிள்ளை நிற்கிறாள். ஐந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்திய ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார். இதைவிடப் பெரிய சான்று எந்தத் தாளில் இருக்கிறது?

முடியாது என்பதும் பொய். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களிலும் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு இதே தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம் நடத்தி இலவசமாக நகல் வழங்கியது. ஒரே இடத்தில் பல துறைகளும் மேசை போட்டு உட்கார்ந்தன. 2024-ல் "பயிலும் பள்ளியிலேயே ஆதார் பதிவு" என்று ஒரு திட்டம் தொடங்கி, கருவிகளோடு ஊழியர்கள் பள்ளிக்கே வந்தார்கள். மனம் வைத்தால் அரசு நடந்து வரும் என்பதற்கு இவை சாட்சி. ஊரே மூழ்கினால்தான் வருமா? ஒரு வீட்டுப் பை தொலைந்தால் வராதா?

இதன் கடைசி எல்லை எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு குடும்ப அட்டை ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்று நீக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டின் 11 வயது மகள் இறந்தாள். சோறு கேட்டபடியே பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. நம் ஊரில் நிலைமை அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் தாளைப் பிள்ளைக்கு மேலே வைக்கும் புத்தி அங்கேயும் இங்கேயும் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியது

விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவத் தோழர்கள் தங்கள் பகுதியில் ஒரு வேலையைச் செய்யுங்கள். வீடுவீடாகப் போய், ஐந்தையும் பதினைந்தையும் கடந்த எந்தப் பிள்ளைக்குக் கைரேகை புதுப்பிக்கப்படவில்லை, எந்த ஆதாரோடு செத்துப்போன கைபேசி எண் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். ஏழு வயதைத் தாண்டியும் புதுப்பிக்காத குழந்தைகளின் எண் முடக்கப்படலாம் என்று 2025 ஜூலையில் ஆதார் ஆணையம் அறிவித்திருக்கிறது. அட்டை தொலைவதற்கு முன்பே இதைச் செய்தால் பாதி அலைச்சல் தீரும். பிள்ளைகளின் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எண்ணை ஒரு நோட்டில் எழுதித் தாயிடமே கொடுங்கள்.

மேசையில் மறுத்தால் சண்டை வேண்டாம், தாள் கேளுங்கள். "3-ஏ பிரிவின்படி மறுக்க முடியாது. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு வரி. நம்மிடம் தாள் கேட்டே பழகியவர்களிடம் நாம் தாள் கேட்டால் பேச்சு மாறும். நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் நின்றாலே "நீ" பல இடங்களில் "நீங்க" ஆகிறது.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஆதார் சட்டத்தின் 3-ஏ பிரிவைத் தமிழில் எழுதி எல்லாப் பள்ளிகளிலும் இ-சேவை மையங்களிலும் ஆதார் மையங்களிலும் ஒட்ட வேண்டும்.

2. அட்டை தொலைந்த மாணவருக்குத் தலைமையாசிரியரின் சான்றே போதும் என்று மாவட்ட ஆட்சியர் சுற்றறிக்கை விட வேண்டும். நகல் பள்ளியிலேயே, கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

3. அட்டை வரத் தாமதமானால் உதவித்தொகை விண்ணப்பத்தை எமிஸ் பதிவைக் கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். தேதி முடிந்தது என்று எந்தப் பிள்ளையையும் தள்ளக்கூடாது.

4. "காலனி" பெயர் மாற்றப்படும் இடங்களில் எல்லா அட்டைகளின் முகவரித் திருத்தத்தையும் அரசே முகாம் நடத்தி இலவசமாகச் செய்ய வேண்டும்.

5. நகல் கேட்டு வருபவரிடம் மதத்தையும் சாதியையும் விசாரிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட வேண்டும்.

6. எல்லை தாண்டினால் கேரளத்தில் 2012 முதல் சேவை உரிமைச் சட்டம் உண்டு. சேவை தாமதமானால் அதிகாரிக்கு அபராதம். தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட புதிய சலுகை கிடையாது. ஏற்கெனவே எழுதப்பட்ட சட்டத்தை மேசை வரை கொண்டுவரச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் தோவாளை மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. இந்த ஆண்டு விண்ணப்பம் ஏற்றப்பட்டுவிட்டது. போன ஆண்டுப் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் அவளுடைய தாய் மனுக் கொடுத்திருக்கிறார். பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கள்கிழமையும் மக்கள் குறைதீர் நாளில் போய்க் கேட்போம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பாள். அவளையும் தாயையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.